வெளிநாட்டுப் பயணமும் இயற்கைச் சீற்றமும்: எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதே முதல் கேள்வி

குடும்பத்தோடு வெளிநாடு செல்லத் திட்டமிட்டிருக்கும் ஒருவர், நிலநடுக்கம், சுனாமி, எரிமலை, சூறாவளி என்று அடிக்கடி செய்திகளில் வரும் நாடுகளை அடியோடு தவிர்த்துவிடுவதா, போவதென்றால் எப்படி ஆயத்தமாவது, அங்கே இருக்கும்போதே ஏதாவது நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். முதல் பகுதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம்: தவிர்க்க வேண்டியதில்லை. ஜப்பான், இந்தோனேசியா, நியூசிலாந்து, துருக்கி, இத்தாலி, மெக்சிகோ, சிலி, கலிபோர்னியா, ஹவாய் ஆகியவற்றை ஆபத்து என்று ஒதுக்கிவிட்டால், மக்கள் ஆசைப்பட்டுப் பார்க்கப் போகும் இடங்களில் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியிருக்கும் நாடுகளில் வெள்ளமும் காட்டுத்தீயும் வெப்ப அலையும் இருக்கின்றன. மற்ற இரண்டு பகுதிகளுக்குத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

"அந்த நாடு பாதுகாப்பானதா" என்று கேட்பதால் பயனுள்ள பதில் எதுவும் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. நான் போகும் ஊரில், நான் போகும் மாதத்தில், எந்த ஆபத்து வரக்கூடும். அதன் முதல் அறிகுறிக்கும் அது என்னை எட்டுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் நான் எங்கே போக வேண்டும் என்று கேட்டால்தான் செயலுக்கு உதவும் விடை வரும். புயலுக்கு நாட்கணக்கில் நேரம் கிடைக்கிறது. தொலைதூரச் சுனாமிக்கு மணிக்கணக்கில் கிடைக்கிறது. நிலநடுக்கத்துக்கு நொடிகள்தான். சில எரிமலை வெடிப்புகளுக்கு அதுவும் இல்லை. நாட்கணக்கில் நேரம் தரும் ஆபத்தைச் செய்தி பார்த்துச் சமாளிக்கலாம். நிமிடக்கணக்கில் வருவதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் மட்டுமே சமாளிக்க முடியும். உள்ளூர்க்காரருக்கு இந்த அறிவு வளர்ந்த விதத்திலேயே வந்துவிடுகிறது. பயணிக்கு வருவதில்லை, அவர் அதைத் தேடிப் பெற வேண்டும்.

நேரம் தாராளமாகக் கிடைக்கும் புயலை முதலில் பார்த்துவிடலாம். அட்லாண்டிக்கில் ஹரிகேன் என்றும், வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்றும், இந்தியப் பெருங்கடலிலும் தென் பசிபிக்கிலும் சைக்ளோன் என்றும் அழைக்கப்படுவது ஒரே வகைப் புயல்தான். அட்லாண்டிக் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் நடுவில். ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ் பக்கம் ஆண்டு முழுவதும் புயல் உருவாகலாம் என்றாலும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் மிகுதி. ஃபிஜி, வனுவாட்டு, வட ஆஸ்திரேலியாவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கரீபியத் தீவுகளுக்குச் செப்டம்பரில் கட்டணம் குறைவாக இருப்பதன் காரணத்தை இங்கேயே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் குறைந்த விலைக்குப் போவது தவறில்லை; ஆனால் திரும்பப் பெறக்கூடிய முன்பதிவும், இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனாலும் தாங்கும் விடுமுறையும் இல்லாமல் போவது சூதாட்டம்.

புயலின் வகை எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதும் முக்கியம். 1 முதல் 5 வரை செல்லும் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரும் கொட்டும் மழையும் காற்றைவிட அதிகம் பேரைக் கொல்கின்றன. அவை அந்த எண்ணில் அடங்குவதில்லை. மலைப்பாங்கான தீவில் மெதுவாக நகரும் 1ஆம் வகைப் புயல், வேகமாகக் கடந்துபோகும் 3ஆம் வகைப் புயலைவிடக் கொடியதாகிவிடலாம். நாட்கணக்கில் நேரம் கிடைக்கும் என்ற பொது விதிக்கும் விலக்கு உண்டு. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோ கடற்கரை நகரைத் தாக்கிய ஓட்டிஸ், கரையேறுவதற்கு ஒரு நாள் முன்புவரை ஹரிகேன் நிலையைக்கூட எட்டாத புயலாகத்தான் இருந்தது. மறுநாள் நள்ளிரவு கடந்து 5ஆம் வகையாக நகருக்குள் புகுந்தது. ஆகவே, "இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்" என்று கடலோர விடுதியில் காத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்; எல்லாரும் கிளம்பும் நாளில் இருக்கை கிடைக்காது. விமான நிலையத்துக்குப் போய்விட்டால் போதும் என்பதும் எப்போதும் சரியாக வருவதில்லை. 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி என்ற டைஃபூன் தாக்கியபோது, செயற்கைத் தீவின்மேல் கட்டப்பட்ட ஒசாகாவின் கன்சாய் விமான நிலைய ஓடுபாதை கடல்நீரில் மூழ்கியது. காற்றில் அடித்துவரப்பட்ட ஓர் எண்ணெய்க் கப்பல் கரையோடு இணைக்கும் பாலத்தில் மோதியதால், ஆயிரக்கணக்கான பயணிகள் அந்தத் தீவிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது.

சுனாமிக்கு வருவோம். பயணிகளின் அறியாமை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2004 டிசம்பர் 26ஐவிடக் கசப்பான சான்று வேறில்லை. சுமத்ராவுக்கு அப்பால் ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கத்துக்கும், தாய்லாந்தின் காவோ லாக், புக்கெட் கரைகளை அலை எட்டியதற்கும் இடையே ஏறத்தாழ 2 மணி நேரம் இருந்தது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. கடல் திடீரென்று உள்வாங்கியபோது, பலர் வெளியே தெரிந்த தரையையும் துள்ளிய மீன்களையும் பார்க்க இறங்கி நடந்தார்கள். அந்த விடுமுறைக் காலத்தில் ஸ்வீடன் நாட்டவர் மட்டும் 543 பேர் இறந்தனர். அதே நாளில், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமெலுவே தீவில், ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர்கள் 7 பேர். 1907ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு, தரை பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை அந்தத் தீவினர் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். சைரனோ கைப்பேசியோ அவர்களைக் காப்பாற்றவில்லை. அந்த ஒரு விதியைத் தெரிந்திருந்ததும், தெரிந்தவுடன் தயங்காமல் செயல்பட்டதும் காப்பாற்றின.

இன்று இந்தியப் பெருங்கடலிலும் எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. பசிபிக்கில் ஹொனலுலுவிலுள்ள மையம் நீண்டகாலமாக இயங்குகிறது. 2025 ஜூலை இறுதியில் ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் நிலம் நடுங்கியபோது, ஹவாய்க்கும் ஜப்பானுக்கும் மணிக்கணக்கில் முன்னறிவிப்பு சென்றது. ஜப்பானில் ஏறத்தாழ 20 லட்சம் பேரை மேட்டுப் பகுதிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். வந்த அலை அங்கே ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே இருந்தது. இதைப் பார்த்து, எச்சரிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று நினைப்பது பிழை. சுனாமி அலை குளியலுக்கேற்ற கடல் அலையைப் போல உடைந்து திரும்புவதில்லை. கடல் மட்டமே உயர்ந்து நிமிடக்கணக்கில் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதில் இடுப்பளவு நீரில்கூட யாராலும் நிற்க முடியாது. அலைகள் பல வரும். அவற்றுக்கிடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை இடைவெளி இருக்கலாம். முதல் அலையே பெரியது என்ற விதி கிடையாது. முதல் அலை வடிந்ததும் பெட்டியை எடுக்க அறைக்குத் திரும்பியவர்களின் கதைகள் ஒவ்வொரு சுனாமியிலும் உண்டு.

மையம் அருகில் இருந்தால் அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கு நேரமே இராது. 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள பாலு நகரில், 7.5 அளவு நிலநடுக்கத்துக்குச் சில நிமிடங்களுக்குள் அலை வந்துவிட்டது. அதனால், கடற்கரையில் இருக்கும்போது நிற்கவே முடியாத அளவு பலமாகவோ ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டோ தரை ஆடினால், அந்த ஆட்டத்தையே எச்சரிக்கையாகக் கொண்டு, எவருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். மேடு இல்லையென்றால், வலுவான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்கு மேல் ஏற வேண்டும். இந்த விதிக்கும் ஒரு துளை இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை: அதே 2018 டிசம்பர் 22 இரவில், அனாக் கிரக்கத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்ததால், பலமான நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமலேயே சுந்தா நீரிணைக் கரைகளில் அலை புகுந்து 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட இடத்தில் தங்குவதென்றால், கடலுக்கு எதிரே கீழ்த்தள அறையைவிடச் சற்று உள்ளே, சற்று உயரத்தில் அறை எடுப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது.

கடலோர விடுதிக்குள் நுழைந்த முதல் மாலையே, பெட்டியைத் திறக்கும் முன், அங்கிருந்து மேட்டுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை நடந்துபார்த்துவிடுங்கள். ஜப்பானின் கடலோர ஊர்களில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறீர்கள் என்று கம்பங்களிலேயே எழுதியிருக்கும். நியூசிலாந்தின் வெலிங்டனில் சில தெருக்களின் குறுக்கே நீலக் கோடு போட்டு, இதைத் தாண்டிவிட்டால் சுனாமி எல்லைக்கு வெளியே வந்துவிட்டீர்கள் என்று காட்டியிருக்கிறார்கள். பகலில் பார்த்து வைத்த வழிதான் மின்சாரம் போன இரவில் கால்களுக்குத் தெரியும். வாகனத்தில் செல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எல்லாரும் வாகனத்தில் ஏறினால் சாலை அடைத்துக்கொள்ளும்.

நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை, அது நடக்கும் அந்த அரை நிமிடத்தில் நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்வது. மேசை இல்லையென்றால் தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொண்டு உள்சுவரோரம் குனிந்திருப்பது. வெளியே ஓடாமல் இருப்பது. நவீனக் கட்டடங்கள் உள்ள நகரங்களில் காயப்படுபவர்களில் பலர், ஆடும்போது ஓடி விழுந்தவர்களும், கண்ணாடியும் முகப்புக் கற்களும் மேலே விழுந்தவர்களுமே. மண்ணாலும் கல்லாலும் கட்டிய பழைய வீட்டின் தரைத்தளத்தில், வாசலுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தால் மட்டும் வெளியேறுவது நல்லது என்று சொல்லலாம். ஆகவே உண்மையான முடிவு நிலநடுக்கத்தின்போது எடுப்பதல்ல. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுப்பது. ஜப்பானில் 1981இல் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்குப் பிறகு கட்டப்பட்டதா என்று விடுதியைக் கேட்பது அங்கே சாதாரணமான கேள்விதான். பழைய நகரின் நடுவில் அழகான கல் மாளிகையில் தங்க ஆசைப்படுபவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்த அழகுக்கு என்ன பொருள் என்பது 2023 செப்டம்பரில் மொராக்கோவின் அட்லஸ் மலைக் கிராமங்களில், 6.8 அளவு நடுக்கத்தில் மண்வீடுகள் சரிந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது.

ஜப்பான் வானிலை முகமை 2007 முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னறிவிப்பை வழங்குகிறது. இது நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்வதன்று; நிலநடுக்கம் தொடங்கிய பிறகு, மெதுவாக வரும் அழிவு அலைக்கு முன்னால் வேகமாக வரும் முதல் அலையைக் கருவிகள் பிடித்து, சில நொடிகள் முந்திக்கொண்டு கைப்பேசிகளை ஒலிக்கச் செய்வது. அந்தச் சில நொடிகள் அடுப்பை விட்டு விலகவும் மேசைக்கடியில் புகவும் போதும். அங்கே தொலைக்காட்சியில் தோன்றும் 3, 4, 5 என்ற எண்களைப் பார்த்து, அவை நாம் பழகிய ரிக்டர் போன்ற அளவு என்று நினைத்துவிடக் கூடாது. ஷிந்தோ எனப்படும் அந்த எண்கள் ஒவ்வோர் ஊரிலும் தரை எவ்வளவு ஆடியது என்பதைக் குறிக்கின்றன. ஒரே நிலநடுக்கம் ஓர் ஊரில் 6ஆகவும் அடுத்த ஊரில் 3ஆகவும் இருக்கும்.

ஆட்டம் நின்றபிறகு எடுக்கும் முடிவுகளில்தான் பயணிகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். 2016 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் கூமமோட்டோவில் பலமான நிலநடுக்கம் வந்தது. அதுவே முதன்மை அதிர்வு என்று எண்ணி வீடு திரும்பியவர்களை, 16ஆம் தேதி அதிகாலையில் அதைவிடப் பெரியது தாக்கியது. விரிசல் விட்ட கட்டடத்துக்குள் கடவுச்சீட்டை எடுக்கக்கூட நுழையக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். தூங்கும்போது கடவுச்சீட்டு, பணம், மருந்து, காலணி, சிறு கைவிளக்கு ஆகியவை ஒரே பையில் கட்டிலருகே இருந்தால் அந்த ஆசையே எழாது. காலணியைக் குறிப்பிடுவது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். இரவு நிலநடுக்கத்துக்குப் பிறகு தரை முழுவதும் கண்ணாடியாகத்தான் இருக்கும். உயிர் தப்பிய பிறகும் ஊரிலிருந்து வெளியேற முடியாமல் போவது சாதாரணம். 2016 நவம்பரில் நியூசிலாந்தின் கைக்கோராவில் 7.8 அளவு நிலநடுக்கத்தால் சாலையும் ரயில் பாதையும் மூடப்பட, அங்கே இருந்த சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரிலும் கடற்படைக் கப்பலிலும்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த நெடுஞ்சாலை மீண்டும் திறக்க ஓராண்டுக்கு மேலானது.

எரிமலையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே ஆபத்தைத் தேடிப் போவதே சுற்றுலாவின் நோக்கமாகிவிடுகிறது. 2014 செப்டம்பர் 27, இலையுதிர்கால சனிக்கிழமை நண்பகலில் ஜப்பானின் ஒன்டாக்கே மலையுச்சியில் மலையேறிகள் உணவருந்திக்கொண்டிருந்தபோது எரிமலை வெடித்து, இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 63 பேர் பலியாயினர். 5 படிகள் கொண்ட எச்சரிக்கையில் அன்று மலை மிகக் கீழான 1ஆம் படியில் இருந்தது. உள்ளே தேங்கிய நீர் சூடாகி நீராவியாக வெடிப்பதற்குப் பெரும்பாலும் தெளிவான முன்னறிகுறி இருப்பதில்லை. நியூசிலாந்தின் வாக்காரி தீவில் நிலைமை வேறு: 2019 நவம்பரிலேயே எச்சரிக்கை 2ஆம் படிக்கு உயர்த்தப்பட்டிருந்தது; ஆனாலும் படகுப் பயணங்கள் தொடர்ந்தன; டிசம்பர் 9 அன்று வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தனர். பலர் சொகுசுக் கப்பலிலிருந்து ஒருநாள் உலாவாக வந்தவர்கள். ஏற்பாட்டாளர் அழைத்துச் செல்கிறார் என்பதாலேயே ஓர் இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. எரிமலை வாய்க்கு அருகே போவதென்றால், அன்றைய எச்சரிக்கைப் படி என்ன, கடந்த சில வாரங்களில் அது மாறியதா என்பதை அந்த நாட்டுக் கண்காணிப்பு அமைப்பின் பக்கத்தில் நீங்களே பாருங்கள். படி உயர்ந்திருந்தால், கட்டிய பணம் திரும்பாவிட்டாலும் போகாதீர்கள்.

எரிமலைச் சாம்பல் வானத்தில் செய்யும் தொல்லை உயிருக்கு ஆபத்தில்லாவிட்டாலும் பயணத்தைக் குலைப்பது. சாம்பல் என்று அழைத்தாலும் அது பொடியாக்கிய பாறையும் கண்ணாடியும்தான். விமான இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி உட்பாகங்களில் ஒட்டிக்கொள்ளும். 1982இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்த ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோய், கீழே இறங்கிய பின்னரே மீண்டும் இயங்கின. அதனால்தான் 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் ஏயாஃபியத்லயோகுத் வெடித்தபோது ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஆறு நாள் மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. பாலித் தீவுக்குச் செல்பவர்கள் 2017 நவம்பரில் அகுங் மலையாலும், 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவின் லெவோதோபி மலையாலும் இதே தொல்லையைச் சந்தித்தார்கள்.

வெள்ளத்தில் வெளியூர்க்காரரை ஏமாற்றுவது தெளிந்த வானம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தபோது, அந்த இடத்தில் மழை ஏறக்குறைய இல்லை. பல மைல் தொலைவில் பெய்த மழை குறுகிய பாறை இடுக்கின் வழியே பாய்ந்து வந்தது. பள்ளத்தாக்கு, ஆற்றுப்படுகை, அருவியடி ஆகிய இடங்களுக்குச் செல்லும்போது மேல்நிலப் பகுதியின் வானிலையைத்தான் பார்க்க வேண்டும். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமிருந்தாலே வளர்ந்தவரைத் தள்ளிவிடும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் 220க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தில், கைப்பேசி எச்சரிக்கை இரவு 8 மணிக்குப் பிறகே வந்தது. அதற்கு முன்பே பல தெருக்கள் மூழ்கிவிட்டன. தரைக்கடி வாகன நிறுத்தத்தில் காரை எடுக்கப் போனவர்களும் உயிரிழந்தவர்களில் உண்டு. வாடகைக் காருக்காக அப்படி இறங்காதீர்கள்.

வெப்பத்தைப் பலர் இயற்கைச் சீற்றமாகவே எண்ணுவதில்லை. 2024 ஜூனில் மக்காவில் வெப்பநிலை 50 டிகிரி செல்சியசைத் தாண்டியபோது, ஹஜ் பயணிகளில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதியின்றி வந்தவர்கள், அதாவது குளிரூட்டிய கூடாரங்களும் வாகனங்களும் கிடைக்காமல் வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள். அனுமதிச் சீட்டு வெறும் காகிதச் சடங்கு அன்று. மலையேற்றமானாலும் புனிதப் பயணமானாலும், தங்குமிடமும் நீரும் மீட்புப் படையும் அந்தப் பதிவை வைத்தே கணக்கிடப்படுகின்றன. காட்டுத்தீயைப் பற்றி ஒன்றே ஒன்று: 2023 ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவிலுள்ள லஹைனா நகரம் எரிந்தபோது சைரன்கள் ஒலிக்கவில்லை. புகை தெரிந்து காற்றும் பலமாக இருந்தால், வெளியேறும் சாலை ஒன்றே ஒன்று என்ற ஊரில் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எச்சரிக்கை உங்களை வந்தடைய வழி இருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே பாருங்கள். பல நாடுகள் இப்போது செல் பிராட்காஸ்ட் முறையில், அந்தக் கோபுரத்தோடு இணைந்திருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும், எண் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகின்றன. கைப்பேசி அமைப்பில் அவசர எச்சரிக்கை என்ற பகுதியை அணைத்து வைத்திருந்தால் முதல் வேலையாக இயக்குங்கள். செய்தி உள்ளூர் மொழியில் மட்டும் வரலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியை இணையமின்றி இயங்கும்படி இறக்கி வையுங்கள். ஜப்பானில் வெளிநாட்டவருக்கென்றே சேஃப்டி டிப்ஸ் என்ற செயலி பல மொழிகளில் இருக்கிறது. அவசர எண்கள் நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, ஜப்பானில் தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119. பேரிடரின்போது அழைப்புகள் சிக்கிக்கொள்ளும், குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஆகவே, குடும்பத்தினர் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்பதையும், பாதிக்கப்படாத ஊரில் யாருக்கு எல்லாரும் செய்தி அனுப்புவது என்பதையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். மின்சாரம் போனால் அட்டை இயந்திரம் இயங்காது. இரண்டு நாளுக்குப் போதுமான ரொக்கம் உள்ளூர் நாணயத்தில் இருக்கட்டும்.

தூதரகத்திடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். தொலைந்த கடவுச்சீட்டுக்குப் பதிலாக அவசரப் பயண ஆவணம் தருவார்கள்; குடும்பத்தாருக்குத் தகவல் சொல்வார்கள்; மருத்துவமனைகளில் தேடுவார்கள். விடுதிக் கட்டணத்தையோ விமானச் சீட்டையோ அவர்கள் செலுத்துவது அரிது. சில நாடுகள் வெளியேற்றச் செலவைப் பின்னர் வசூலிக்கின்றன. உங்கள் நாட்டில் பயணப் பதிவு வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் அவர்களால் யாரையும் தேட முடியாது. 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஒரே ஓடுபாதை கொண்ட காத்மண்டு விமான நிலையம் நிவாரண விமானங்களால் நெரிந்தது. எந்தத் தூதரகம் முயன்றாலும் அந்த நெரிசலை மீற முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காப்பீட்டில் எல்லாரும் தவறவிடும் விதி ஒன்று உண்டு. ஆபத்து அறியப்பட்ட பிறகு வாங்கும் பாலிசி அந்த ஆபத்துக்குப் பொருந்தாது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகோ, எரிமலை புகையத் தொடங்கிச் செய்தியான பிறகோ வாங்கினால், அந்த நிகழ்வால் வரும் இழப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. சீட்டு வாங்கும் நாளிலேயே பாலிசியையும் வாங்கிவிடுங்கள். உங்கள் அரசு "செல்ல வேண்டாம்" என்று அறிவித்திருக்கும் பகுதிக்குச் சென்றால் பல பாலிசிகள் செல்லாது. மருத்துவச் செலவுக்கும் மருத்துவ வெளியேற்றத்துக்கும் தனித்தனித் தொகைகள் இருக்கின்றனவா என்றும், மலையேற்றத்துக்கு உயர வரம்பு உண்டா என்றும் படித்துப் பாருங்கள். விமான நிறுவனத்தின் கடமை புறப்படும் இடத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் 261/2004 விதி பொருந்தும்: இயற்கைச் சீற்றம் காரணமென்றால் இழப்பீடு கிடையாது, ஆனால் உணவும் தங்குமிடமும் தந்தாக வேண்டும். 2010 சாம்பலால் சிக்கிக்கொண்ட பயணி ஒருவரின் வழக்கில், இந்தக் கடமைக்கு நாள் வரம்போ பண வரம்போ இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. வேறு பல நாடுகளில் வானிலை காரணமானால் பயணக் கட்டணம் திரும்பும், விடுதிச் செலவு உங்களுடையது.

கடைசியாக, முன்பதிவு செய்த பிறகு பயமுறுத்தும் செய்தி வந்தால் ரத்து செய்வதா என்ற கேள்வி. 2024 ஆகஸ்ட் 8 அன்று தென்மேற்கு ஜப்பானில் 7.1 அளவு நிலநடுக்கம் வந்ததும், பசிபிக் கரைக்கு அப்பால் கடலடியிலுள்ள நன்கை அகழியில் மாபெரும் நிலநடுக்கத்துக்கான வாய்ப்பு வழக்கத்தைவிட உயர்ந்திருக்கிறது என்று வானிலை முகமை முதன்முறையாக அறிவித்தது. ஒரு வாரம் கழித்து அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டது. 2025 ஜூலையில் பெரும் பேரழிவு வரும் என்று பரவிய ஆதாரமற்ற ஆரூடத்தை நம்பி ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் செல்லும் பயணங்களைப் பலர் கைவிட்டார்கள். குறிக்கப்பட்ட நாளில் எதுவும் நடக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நிலநடுக்கத்தின் நாளைக் கணித்துச் சொல்லும் அறிவியல் இன்றுவரை இல்லை. ஆகவே நாள் குறித்துச் சொல்பவரை ஒதுக்கிவிடலாம். முகமையின் அறிவிப்பு நாளைச் சொல்லவில்லை, வாய்ப்பு உயர்ந்திருக்கிறது என்று மட்டுமே சொன்னது. அந்த வாரத்தில் அந்தக் கரையில் கடலோரம் தங்குவதை டோக்கியோவுக்கோ உள்நாட்டு மலைப்பகுதிக்கோ மாற்றிக்கொள்வது அதற்கு உரிய எதிர்வினையாக இருந்திருக்கும். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் வருவதென்றால், ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்காக உங்களை யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். பேரிடர் ஏற்கெனவே தாக்கிவிட்ட ஊருக்கு என்றால், சாலையும் மருத்துவமனையும் விடுதி அறைகளும் மீட்புப் பணியாளருக்குத் தேவைப்படும் முதல் சில வாரங்கள் போகாதீர்கள். அந்த ஊர் நிர்வாகம் பயணிகளை மீண்டும் வரவேற்பதாக அறிவித்த பிறகு, உங்கள் தேதியை மாற்றிக்கொண்டு போய்வாருங்கள்.